மழை ஆபீசில் ஒரு காது

“கேட்டீங்களா, நெனச்சீங்களா?”

எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான். திண்டிவனம் பஸ் இன்றைக்கு வராது போலிருக்கிறது மிஸ் என்றால், “கேட்டீங்களா, நெனச்சீங்களா?” ஆபீசர் கோபமாக இருக்கிறார் என்றால் அதற்கும் அதே. கேட்டேன் என்று சொன்னால் யார் சொன்னது, என்ன வார்த்தையில் சொன்னது என்று ஒப்பிக்க வேண்டும். நினைத்தேன் என்று ஒத்துக்கொண்டால் ஒரு சிரிப்பு. “அப்ப அது ஒங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி.”

அந்தத் ‘தம்பி’ எனக்குப் பிடிக்காது. என்னைவிடச் சில வயது மூத்தவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக ஒரு பி.ஏ. படித்த ஆளை, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு வருகிறவனை, தினமும் தம்பி தம்பி என்று கூப்பிட வேண்டுமா?

அவர் பேரை எழுதப்போவதில்லை. வேலையில் சேர்ந்த அன்றே, பார்த்தது கேட்டது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது அந்த ஆபீசையே மூடியாகிவிட்டது. கட்டடத்தில் உப்பு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பேர் இல்லாமல் ஒரு மனுஷியைப் பற்றி மட்டும் எழுதினால் குற்றமில்லை என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. நினைக்கிறேன்.

மரக்காணம் உப்பளத்தில் பாத்திகள் முடிந்து முள்ளுச்செடி ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது அது. ஓட்டுக் கூரை. சுற்றிலும் தென்னை உயரத்துக்குக் கம்பங்கள், கம்பங்களுக்கு நடுவே செம்புக் கம்பி. கம்பியில் எப்போதும் நீர்க்காக்கை உட்கார்ந்திருக்கும். வாசலில் வானிலை ஆராய்ச்சி என்று ஒரு போர்டு. ஊரில் மழை ஆபீஸ் என்றார்கள். நிஜத்தில் அது டெல்லியில் புதிதாக ஆரம்பித்திருந்த ஓர் இலாகாவின் காது.

எங்கள் ஆபீசர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். நிதானமான மனுஷன். சேர்ந்த அன்று என்னை எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்: “திருடனப் பிடிக்கறது போலீஸ். சண்டை போடறது மிலிட்டரி. நாம இந்த ரெண்டுலயும் சேர்த்தி இல்ல. வெளிநாட்டுல நாளைக்கு என்ன நடக்கப் போகுதுன்னு இன்னிக்கே தெரிஞ்சுக்கணும். தெரிஞ்சுக்கிட்டோம்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் வேலை.”

அந்த வேலையை யாரும் முழுசாகச் செய்வதும் கிடையாது. ஒருவர் கேட்பார். அர்த்தம் தெரியாமலே எழுதுவார். டெல்லியில் வேறொருவர் அதைப் பிரித்துப் பார்ப்பார். மூன்றாவது ஆள், எங்கெங்கிருந்தோ வந்த துண்டுகளோடு அதை ஒட்டிப் பார்ப்பார். ஒட்டியதில் என்ன படம் வந்தது என்று, முதலில் காதால் கேட்டு எழுதியவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் சம்பளச் சீட்டில்கூட வேறு ஏதோ இலாகாவின் பேர்தான் போட்டிருந்தது.

முன் அறையில் நான். டைப் அடிப்பது, டீ போடுவது, நாளைக்கு மழை வருமா என்று கேட்டு வருகிற மீன்காரர்களுக்குப் பதில் சொல்வது. உள் அறையில் ரேடியோ ரிசீவர்கள். அதற்குள் நான் போகக் கூடாது. அவர் போகலாம்.

அவர் பி.ஏ. இல்லை. ரங்கூனில் கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தபோது, இருந்ததை விட்டுவிட்டு அப்பாவோடு கப்பலேறி வந்தவர். மாதா கோயில் தெருவில் வீடு. பர்மியப் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் கட்டுமரம் தள்ளுகிற வீட்டிலிருந்து வந்தவன். எங்கள் பரம்பரையில் புத்தகத்தைக் கையால் தொட்ட முதல் ஆள். புதுச்சேரிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், ராஜாக்களின் சண்டையெல்லாம் தேதியோடு மனப்பாடம் பண்ணி, பட்டம் வாங்கி, கடைசியில் நான் வெளியே, அவர் உள்ளே. முதலில் வந்த பொறாமை இதுதான். ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் இது எல்லாரிடமும் இருக்கும். இரண்டாவதாக வந்ததுதான் தூங்க விடாதது.

அவர் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் வரும்போது இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். மாதா கோயில் திருவிழாவில் வெடி போடுகிற நாளில் பெருமுக்கல் பக்கம் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்விடுவார். “சொத்து தம்பி இது. பத்திரமா வெச்சிக்கணும்” என்று காதைத் தொட்டுக் காட்டுவார். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபடியே, வாசலில் செருப்பைக் கழற்றுவது யார் என்று சொல்லிவிடுவார்.

ஒருநாள் டீ குடிக்க வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, “வீட்ல சண்டையா?” என்றார்.

தூக்கிவாரிப்போட்டது. “யார் மிஸ் சொன்னாங்க?”

“ஒங்க மிஷின்தான். தினம் சீரா அடிப்பீங்க. இன்னிக்கு நின்னு நின்னு குத்தறீங்க.”

உண்மைதான். முந்தின நாள் அண்ணனோடு பெரிய தகராறு. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தக் காது என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது! மறுநாள் தண்ணீர் வண்டிக்காரரிடம் அவர் பேசியதைக் கேட்டேன். “ஐயா, ஒங்க மாட்டுக்கு முன்னங்கால் லாடம் லூசாயிருக்குது பாருங்க. நடை மாறிப் போச்சி.” எனக்கும் அந்த மாட்டுக்கும் அவர் காதில் ஒரே இடம்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அவர் காதில் தனி இடம் வைத்திருந்தவன் வேறொருவன்.

தினமும் காலை பத்து மணிக்கு வருவான். கடலுக்கு அந்தப் பக்கம், கிழக்கே எங்கோ உட்கார்ந்துகொண்டு, பர்மியப் பாஷையில் எண் எண்ணாகப் படிப்பான். எங்கள் கணக்கில் அவன் பதினாலாம் நம்பர். அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது. அவன் எந்த இடத்திலிருந்து படிக்கிறான் என்று டெல்லிக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் டெல்லி தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. எண்களை எழுதுவது அவர் வேலை. கூடவே இன்னொரு விதி உண்டு. எண் படித்து முடித்த பிறகு அவன் எதிர்முனை ஆளிடம் சொந்தமாக ஏதாவது பேசிவிட்டால், ஒரு சொல்லானாலும் அதையும் எழுதி அனுப்ப வேண்டும். ஆள் பிடிபடுவது அப்படிப்பட்ட பேச்சில்தான் என்பார் ஆபீசர்.

உள் அறை விஷயத்தை வெளியே பேசக் கூடாது. அவரும் பேச மாட்டார். ஆனால் ஒருநாள் டீ கிளாசை வாங்கிக்கொண்டே சொன்னார்:

“நம்ம ஆளுக்கு இன்னிக்கு ஜலதோஷம்.”

“யாருக்கு மிஸ்?”

“நம்ம ஆளுக்குத்தான். ஏழுன்னு படிக்கறப்ப மூக்கு அடைக்குது.”

“இதெல்லாம் வெளிய சொல்லலாமா?”

“ஜலதோஷம் ரகசியமா தம்பி?”

நம்ம ஆளு! நான் தினம் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுக்கிறேன், நான் தம்பி. முகம் தெரியாத ஒருத்தன், வேற்று நாட்டான், எங்கிருந்தோ எண் படிக்கிறவன், அவன் நம்ம ஆளு.

அதற்குப் பிறகு அவனைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். எல்லாம் ரகசியமில்லாத விஷயங்கள். அவன் படிப்பதற்கு முன்னால் ஒருதரம் மூச்சை இழுத்து நிறுத்துவான். எட்டு வந்தால் அவனுக்குப் பிடிக்கும், கொஞ்சம் இழுத்துச் சொல்லுவான். பக்கத்தில் சேவல் இருக்கிறது. நடுவில் டீ குடிக்கிறான், சூடாக. மழைக்காலத்தில் இருமுவான். அந்த இருமல் நெஞ்சிலிருந்து வருகிற இருமல், மைக்கை மூடிக்கொண்டு இருமுவான், மரியாதை தெரிந்தவன். இதையெல்லாம் சொல்லும்போது அவர் தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். நான் எதிரில் நிற்பேன். என்னைத் தாண்டி எங்கேயோ கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு வாரம் நானும் இருமிப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருமினேன். கதவுக்குப் பக்கத்தில் போய், கைக்குட்டையை வைத்து மூடிக்கொண்டு, மரியாதையாக. நாலைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கதவு திறந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, அது தொண்டையிலேர்ந்து வருது. நெஞ்சு இருமல்னா அடியில ஒரு கரகரப்பு இருக்கும், முடியறப்ப மூச்சு தேயும். எதுக்கு நடிக்கறீங்க? லீவு வேணுமா?”

உப்பளத்தில் காற்றே உப்பு. கம்பியைத் தாங்குகிற பீங்கான்களில் ஒரு வாரத்துக்குள் உப்பு பூத்துவிடும். பூத்தால் ரிசீவரில் வறுகடலை பொரிகிற மாதிரி சத்தம், ஒன்றும் கேட்காது. திங்கட்கிழமைதோறும் நல்ல தண்ணீர் வண்டி வரவழைத்து, ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு பீங்கானாகக் கழுவித் துடைக்க வேண்டும். அதற்கென்று இருந்த ஆளுக்கு முழங்கால் போய்விட்டதால் நானே ஏறினேன். கீழே பாத்தியில் உப்பு வாருகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள்.

“ஏம்பா மழ ஆபீசு! கம்பத்தக் குளிப்பாட்டுனா மழ வருமா?”

“வரும்க்கா.”

“அப்ப வேணாம் ராசா, எறங்கு. உப்பு கரைஞ்சிடும்.”

மேலே நின்று துடைத்துக்கொண்டே யோசிப்பேன். இந்தத் துடைப்பு யாருக்கு? அவனுடைய மூச்சு அவர் காதில் பிசிறில்லாமல் விழுவதற்கு. வெயிலில் ஏறி நின்று அவர்களுக்கு நடுவே இருக்கிற அழுக்கை எடுத்துவிடுகிற வேலை எனக்கு.

ஒருநாள் அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “இன்னிக்கு பின்னாடி ஒரு பொம்பளக் குரல். நம்ம ஆளத் திட்டுது.”

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். “சம்சாரமா இருக்கும் மிஸ்.”

“இல்ல, அம்மாவா இருக்கும்.”

“கேட்டீங்களா, நெனச்சீங்களா?” என்றேன்.

அவர் கேள்வியை அவரிடமே யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கிளாசைக் கீழே வைத்தார்.

“நெனச்சேன்” என்றார். சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கேட்டதை மட்டுமே சொல்கிற ஒருவர், ஒருத்தனைப் பற்றி நினைக்க ஆரம்பித்திருக்கிறார்.

இனி புயலைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் மழை ஜோசியத்தைச் சொல்லிவிட வேண்டும். மீன்காரர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று ஆபீசரிடம் கேட்டிருந்தேன். “பாதி நாள் தப்பா சொல்லு” என்றார். “எப்பவும் சரியா சொன்னா மழை ஆபீஸ்னு எவன் நம்புவான்?” நான் சொன்ன வேலையைச் சரியாகச் செய்கிறவன். பாதிக்கு மேலேயே தப்பாகச் சொல்லி வந்தேன். அப்பா குப்பத்தில் பெருமையாக, “எம்மவன் கவர்மென்ட்ல மழைய அளக்கறான்” என்று சொல்லித் திரிந்தவர், ஒரு வருஷத்தில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

ஐப்பசி மாசம். டீ நேரம் ஆகவில்லை. கதவு திறந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது.

“ஒங்கப்பா எப்ப கடலுக்குப் போறாரு?”

“நாளைக்கி விடியக்கால மிஸ்.”

“போவ வேணாம்னு சொல்லுங்க. குப்பத்துல ஒருத்தரும் போவ வேணாம்.”

வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. பாத்திகளில் கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். “கேட்டேன்.”

மூன்று நாளாக வராதிருந்தவன், அன்று எண்களை முடித்துவிட்டு எதிர்முனை ஆளிடம் புலம்பியிருக்கிறான். மூன்று நாள் முன்னால் பெரிய காற்று அடித்ததாம். அவன் வீட்டுக் கூரை போய்விட்டதாம். சேவலும் போய்விட்டதாம். காற்று மேற்கே கடலுக்குள் போய்விட்டது, இப்போது இங்கே வானம் தெளிந்துவிட்டது என்று சொன்னானாம்.

“மேக்கன்னா நாமதான் தம்பி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவரு பேசுனத எழுதியும் வெச்சிட்டேன். எழுதித்தான் ஆவணும். எந்தக் கரையில காத்து அடிச்சிதுன்னு பாத்தா அவரு எங்க இருக்காருன்னு டெல்லில புடிச்சிடுவாங்க.”

கேட்டதை எழுத வேண்டும், வெளியே சொல்லக் கூடாது. ஒன்றைச் செய்துவிட்டு வந்து, இன்னொன்றை மீறிக்கொண்டு நின்றார்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அப்பா மணலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நீ சொன்ன மழ என்னிக்கிடா வந்துச்சி? போன வாரம் வெயிலுன்ன. வலையெல்லாம் நனைஞ்சி நாறிப்போச்சி.”

“அப்பா, இது நெசம்ப்பா.”

“போடா டேய். ஒன் ஆபீசு சொன்னா அன்னிக்கித்தான் தைரியமா மரத்தத் தள்ளலாம்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்பா காதோரம் குனிந்து, “நான் சொல்லலப்பா. உள் ரூம் மிஸ் சொன்னாங்க” என்றேன்.

அப்பாவின் கை நின்றது. “பர்மாக்காரப் பொண்ணா? கதவுக்கு அந்தாண்ட இருந்துக்கினே என் இருமலக் கேட்டுட்டு, நெஞ்சுல நீர் கோத்துக்கினு இருக்குது, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லிச்சே, அதுவா? மொதல்லயே சொல்றதுக்கு என்னடா?” எழுந்து வேட்டியில் மணலைத் தட்டிவிட்டு, “ஏம்பா, எல்லாம் மரத்த மேல ஏத்துங்கப்பா, சவுக்குத் தோப்புக்கு” என்று குரல் கொடுத்தார். காரணம் கேட்டவர்களிடம், “மழ ஆபீசு சொல்லிச்சி” என்று மட்டும் சொன்னார். பெற்ற அப்பா. என் பட்டமும் பெல்ட்டும் அசைக்காத மனுஷன், ஒரு பேரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

மறுநாள் உச்சிவேளைக்குள் கடல் எழுந்து வந்தது. உப்பு அம்பாரங்கள் மேலே போட்டிருந்த கீற்றெல்லாம் பறந்து, வெள்ளை மேடுகள் கரைந்து ஓடின. எங்கள் ஏரியல் கம்பம் ஒன்று சாய்ந்தது. தெற்கே வேறு குப்பங்களிலிருந்து கடலுக்குப் போனவர்கள் சிலர் திரும்பவில்லை. எங்கள் குப்பத்தில் எல்லாரும் இருந்தார்கள். அப்பா இருந்தார்.

ஆபீசர் கேட்டார். “குப்பத்துல யார் சொன்னது?”

“நான்தான் சார். சும்மா சொல்லி வெச்சேன்.”

“சரி. ஒரு மாசத்துக்குத் தப்பாவே சொல்லு” என்று மட்டும் சொன்னார்.

கடல் அடங்கியதும் அப்பா ஒரு வஞ்சிரத்தை ஓலையில் சுற்றிக் கொடுத்தார். “அந்தப் பொண்ணாண்ட குடு.” பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. நியாயமாகப் பார்த்தால் இந்த மீன் அவனுக்குப் போக வேண்டியது. என் அப்பா உட்கார்ந்து சோறு தின்பது அவன் புலம்பியதால். எவன் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும் என்று தினம் நினைத்தேனோ, அவனுக்கு என் வீடே கடன்பட்டு நிற்கிறது. இதைவிடக் கேவலம் உண்டா?

அவரும் அதையேதான் சொன்னார். “எனக்கு எதுக்கு தம்பி? நான் கேட்டேன். சொன்னது அவரு.” மீனை வாங்கிக்கொண்டார். சந்தோஷமாக வாங்கவில்லை. அன்றைக்கு அவன் வரவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். பத்து மணிக்கு அவர் உள்ளே போய் உட்காருவார், வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு வருவார். டீயில் ஆடை படியும். “அங்கயும் நம்ம ஆபீசர மாதிரி ஒருத்தர் ஒக்காந்து கேட்டிருப்பாரு இல்ல?” என்றார் ஒருநாள். “வெளிப்பேச்சு பேசுனா சும்மா விடுவாங்களா?”

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். உள்ளுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மார்கழியில் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். “டெல்லியில சொல்லிட்டாங்க. வர்ற திங்கட்கிழமையும் கேக்கலேன்னா பதினாலு க்ளோஸ். மிஸ்ஸுக்கு உள்ள வேற வேலை இல்ல. முன் ரூம்ல உன் பக்கத்துல போட்டுக்கலாம். பழைய பேப்பர் நிறைய கிடக்கு, மொழிபெயர்க்கட்டும்.”

ஸ்டோர் ரூமிலிருந்து நாற்காலியை நானே தூக்கி வந்தேன். பிரம்பு பின்னியது. தூசி தட்டி, ஈரத் துணியால் துடைத்து, என் மேஜைக்குப் பக்கத்தில், காற்று வரும் ஜன்னலோரமாகப் போட்டேன். ஒரு கால் கட்டையாக இருந்ததால் ஆடியது. அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் வைத்து, உட்கார்ந்து பார்த்து, இன்னொரு மடிப்பு வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் உப்பு மேடுகள் தெரியும், தூரத்தில் கடலும் தெரியும். தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை.

திங்கட்கிழமை வந்தது. நம்பரை மூடப்போகிறார்கள், இனிப் பீங்கான் கழுவ வேண்டியதில்லை என்று தண்ணீர் வண்டிக்காரருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தாலும் திங்கட்கிழமை. ஏறிக் கழுவினேன். அந்த வாரத்து உப்பு நகத்தால் சுரண்டித்தான் வந்தது.

ஆபீசர் புதுச்சேரிக்குப் போயிருந்தார். உள் அறையில் வேறு பாஷை கேட்கிற பெரியவர் ஒருவர் உண்டு, அவரும் மகள் கல்யாணத்துக்கு லீவு. பத்து மணி ஆகிச் சிறிது நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“தம்பி, உள்ள வாங்க.”

“நான் உள்ள வரக் கூடாது மிஸ்.”

“தெரியும். வாங்க.”

இத்தனை நாள் பொறாமைப்பட்ட அறை. ஒரு மேஜை, சாம்பல் நிறத்தில் இரண்டு பெட்டிகள், பென்சில்கள், சுவரில் ஒரு சின்ன மாதா படம். அவ்வளவுதான். அவர் ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு ஏதோ கேக்குது. ஆனா கேக்கணும்னு எனக்கு ஆச இருக்குது. ஆசப்பட்ட காத நம்பக் கூடாது. வெறும் பொரியற சத்தத்தக்கூட இருமலா மாத்திக் குடுத்துடும். ஒங்களுக்கு அவரு யாருமில்ல. நீங்க கேட்டு சொல்லுங்க.”

எனக்கு அவன் யாருமில்லையா!

மாட்டிக்கொண்டேன். இரண்டு காதிலும் அவருடைய சூடு இருந்தது. முதலில் ஒரே இரைச்சல், பாத்தியில் பலகையால் உப்பை இழுக்கிற மாதிரி. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்கவில்லை என்று சொன்னால் போதும், அவர் அப்படியே எழுதிவிடுவார், சாயங்காலத்துக்குள் நாற்காலியில் வந்து உட்காருவார். இரைச்சலுக்கு அடியில் ஏதோ முனகியது. பேச்சா என்று தெரியவில்லை. பேச்சாக இருந்தாலும் எனக்கு அந்தப் பாஷை தெரியாது. கழற்றிவிடலாம் என்று கையைத் தூக்கினேன்.

இருமல்.

தூரத்தில், எதையோ வைத்து மூடிக்கொண்டு. அடியில் கரகரப்பு. முடிகிறபோது மூச்சு தேய்ந்தது. அவன் இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்ட காது என்னுடையது. அந்தக் காதிலேயே வந்து விழுந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்குது மிஸ். இருமறாரு.”

“கேட்டீங்களா...” என்று ஆரம்பித்தவர் சுவரிலிருந்த மாதா படத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார். “கேட்டீங்களா, நெனச்சீங்களா?”

“கேட்டேன். நெஞ்சுலேர்ந்து வருது.”

ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். உட்கார்ந்தார், பென்சிலை எடுத்தார், தலை இடது பக்கம் சாய்ந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை, கை எழுதிக்கொண்டே இருந்தது. நான் நிற்பதே அவருக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். அதுவும் தப்பு.

“கதவச் சாத்திட்டுப் போங்க தம்பி” என்றார், திரும்பாமல்.

சாத்திவிட்டு வந்தேன். மிஷின் முன்னால் உட்கார்ந்தேன், அடிக்கவில்லை. அடித்தால் கேட்டுவிடுவார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு வருகிற வழி. உள்ளே எட்டிப் பார்த்தார்.

“யாருக்குடா இந்த நாற்காலி?”

“யாருக்கும் இல்லப்பா. ஒக்காரு.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்.

“நாளைக்கி எப்பிடி? மரம் தள்ளலாமா?” நான் பதில் சொல்வதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். “நீ சொல்லாத. உள்ள அந்தப் பொண்ணக் கேட்டு சொல்லு.”

“அவங்க வேலையா இருக்காங்கப்பா.”

“சரி, முடிக்கட்டும். எனக்கு என்ன அவசரம்?” என்று நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நாற்காலி ஆடவில்லை.